மஞ்சள் காருக்கு நல்ல கம்பெனி

என் கொழுந்தன் ஒன்பது வருடம் கத்தாரில் வெயிலில் நின்று கம்பி கட்டிச் சேர்த்த காசில் வாங்கியது வீடு அல்ல, காணி அல்ல, ஒரு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார். இரண்டே கதவு. பின்சீட்டில் இரண்டு பேர் முழங்காலை நாடிக்கு முட்டுக் கொடுத்து உட்காரலாம். கொழும்பில் யாரோ பணக்காரப் பையன் ஓட்டி அலுத்துப்போய் விற்றதாம். அதை அவன் மாத்தளைக்கு ஓட்டிவந்த அன்று எங்கள் தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன். அழகு என்று எல்லாரும் சொன்னார்கள். முன் பம்பருக்கும் தரைக்கும் நடுவில் நான்கு விரல் இடைவெளிதான் இருக்கிறது என்பதுதான் என் கண்ணில் பட்டது. இருபது வருடமாக வாகன இன்சூரன்ஸ் எழுதிப் பிழைக்கிறவள் நான். எந்த வண்டியைப் பார்த்தாலும் இது எங்கே போய் இடிக்கும் என்றுதான் எனக்குத் தோன்றும்.

அவன் பெண்சாதியும் மகளும் எல்கடுவ பக்கம் தேயிலைத் தோட்டத்தில், வரிசையாகக் கட்டிய லயத்து வீடு ஒன்றில்தான் இருந்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துப் பாதையில் ட்ராக்டர் போகும், ஆட்டோ முக்கி முனகிப் போகும், இந்தக் கார் போகாது. முதல் வளைவிலேயே வயிறு கல்லில் உரசிவிடும். ஆகவே கார் டவுனில் எங்கள் வீட்டு முற்றத்தில் குடியேறியது. நான் துணி காயப்போடும் கொடியைக் கழற்றி எடுத்தார்கள். வீட்டுக்காரி நான்; என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் கணவர், "தம்பி ஆசப்பட்டு வாங்கிட்டான், கொஞ்ச நாளைக்கு இருக்கட்டுமே" என்றார். கொஞ்ச நாள் என்றால் அவர் அகராதியில் எவ்வளவு என்று எனக்குத் தெரியும்.

கொழுந்தனுக்கு ஒரு கணக்கு இருந்தது. அதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். இந்தக் காரைக் கலியாணங்களுக்கு ஓட்டினால் இரண்டு மூன்று வருடத்தில் டவுனுக்குக் கிட்டே ஒரு துண்டுக் காணி வாங்கிவிடலாம், மகளை டவுன் பள்ளிக்கூடத்தில் சேர்த்துவிடலாம், திரும்பக் கத்தாருக்குப் போகத் தேவையில்லை. ஒன்பது வருட உழைப்பு முழுவதும் அந்த மஞ்சள் தகரத்துக்குள் இருந்தது. கார் போனால் எல்லாம் போகும். இது அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கலியாணக் காருக்கு வாடகை பேசுவதில்லை. பேசினால் கௌரவக் குறைச்சல், பெண் வீட்டுக்கும் குறைச்சல், கார்க்காரனுக்கும் குறைச்சல். "மாப்பிள்ள பொண்ணுக்கு ஒங்க வண்டி வேணும்" என்று வந்து கேட்பார்கள். கார்க்காரன், "அதுக்கென்ன, நம்ம வண்டிதானே" என்பான். கலியாணம் முடிந்து இறங்கும்போது தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன் மேல் ஒரு கவர் வைத்து நீட்டுவார்கள். கவருக்குள் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது ஊர் முழுவதற்கும் தெரியும். குறைந்தால் அடுத்த முறை கார் வராது. ஆனால் அதை யாரும் கூலி என்று சொல்ல மாட்டார்கள். மரியாதை செய்தார்கள் என்றுதான் சொல்வார்கள். கொழுந்தனும் அப்படித்தான் நம்பினான், சத்தியமாக நம்பினான்.

வந்த மூன்றாம் நாள் என்னிடம் வந்து நின்றான்.

"அண்ணி, காருக்கு நல்ல இன்சூரன்ஸ் கம்பெனியா ஒன்னு பாத்துத் தாங்க."

"ஏன், எங்க கம்பெனிக்கு என்னா?"

சிரித்தான். கெட்ட சிரிப்பு என்று சொல்ல முடியாது, அதுதான் எரிச்சல். "ஒங்க கம்பெனி ஆட்டோவுக்குச் சரி அண்ணி. இது அப்பிடிப்பட்ட வண்டி இல்லயே."

அவன் சொன்னது உண்மை. நான் எழுதியதில் முக்கால்வாசி ஆட்டோக்கள், மிச்சம் மரக்கறி லொறிகள். உண்மையைச் சொன்னதற்காக ஒருவன் மேல் கோபப்படக் கூடாது என்பார்கள். எனக்கு அப்படியெல்லாம் பெருந்தன்மை கிடையாது. அன்றைக்கே ஒரு முள் உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது.

ஆனாலும் அவனோடு போனேன். முதலில் ஒரு பழைய ஆபீஸ். ஃபைல்கள் கூரை வரைக்கும் அடுக்கிக் கிடந்தன. அங்கிருந்த பெரியவர் காரின் பெயரைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இரண்டு கதவு வண்டிக்குக் கொழும்பிலிருந்து அனுமதி வர வேண்டும், ஒரு மாதம் ஆகும் என்றார். இரண்டாவது, கண்ணாடிக் கதவு வைத்த கம்பெனி. உள்ளே குளிரில் பல் கிட்டும். கழுத்தில் ஸ்கார்ஃப் கட்டிய ஒரு பெண்பிள்ளை எங்களைச் சோபாவில் உட்காரவைத்து ஆரஞ்சுச் சாறு கொடுத்தது. கொழுந்தனுக்கு அங்கேயே முடிவாகிவிட்டது. சாறு கொடுத்த கம்பெனி நல்ல கம்பெனி.

நான் கேள்வி கேட்க வாயைத் திறந்தேன். அதற்குள் அவன் அந்தப் பிள்ளையிடம், "இவங்க எங்க அண்ணி. லயத்துப் பக்கம் ஆட்டோக்காரனுங்களுக்கு இன்சூரன்ஸ் எழுதிக் குடுப்பாங்க. இந்த மாதிரி காரப் பத்தி அவ்வளவா தெரியாது. நீங்க எனக்கே நேரா சொல்லுங்க மிஸ்" என்றான்.

அந்தப் பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தது. என் மகள் வயதுதான் இருக்கும். ஏசி அறைக்குள் எனக்கு வேர்த்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டேன், கேட்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. கார் முழுசாகப் போனால் எந்தப் பெறுமதியைக் கொடுப்பீர்கள், இன்றைக்கு எழுதும் பெறுமதியா, அன்றைக்குச் சந்தையில் உள்ள பெறுமதியா என்று கேட்டேன். இந்தக் காரின் பாகம் ஜப்பானிலிருந்து வர மூன்று மாதம் ஆனால் யார் பொறுப்பு? அடிப்பாகம் கல்லில் உரசினால் விபத்து என்று எடுப்பீர்களா, தேய்மானம் என்று தள்ளுவீர்களா? சைலன்சரை மாற்றியிருக்கிறான், அதை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள், பிறகு வந்து தெரியாது என்று சொல்லாதீர்கள். மலைப் பக்கம் போனில் சிக்னல் கிடைக்காது, உங்கள் ஆள் வந்து பார்க்கும் வரைக்கும் வண்டியை அசைக்காமல் எத்தனை மணித்தியாலம் வைத்திருக்க வேண்டும்? அந்தப் பிள்ளைக்குப் பாதிக்குப் பதில் தெரியவில்லை, உள்ளே போய்ப் போய்க் கேட்டுவந்தது. கார் இன்னும் பழைய சொந்தக்காரன் பெயரில்தான் இருந்தது. கையெழுத்துப் போட்ட பெயர் மாற்றப் பத்திரத்தை மட்டும் வாங்கிக்கொண்டு ஓட்டிவந்துவிட்டான், நம் நாட்டில் பாதிப் பேர் செய்வதுபோல. அதை அவன் பெயருக்கு மாற்றாமல் ஒரு சதமும் கட்டாதே என்று நான்தான் பிடிவாதமாக நின்றேன். மாற்றிக்கொண்டு இரண்டு வாரம் கழித்துத் திரும்பப் போனோம்.

இரண்டாம் முறை படிவத்தில் ஒரு கட்டம் வந்தது. வாகனத்தை எதற்குப் பாவிக்கிறீர்கள், சொந்தப் பாவனைக்கா, வாடகைக்கா? சொந்தப் பாவனை என்று எழுதிய வண்டி காசுக்கு ஓடி இடித்தால் எந்தக் கம்பெனியும் ஒரு சதம் கொடுக்காது.

"சொந்தப் பாவனைதானே சேர்?" என்று அந்தப் பிள்ளை கேட்டது.

"வேற என்னா? நானேதான் ஓட்டுறேன்" என்றான்.

நான், "கொஞ்சம் பொறுங்க மிஸ், அந்தக் கட்டத்துல..." என்று ஆரம்பித்தேன். அவன் என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் கையை லேசாக உயர்த்தினான். "அண்ணி, சும்மா இருங்க. இது பெரிய கம்பெனி. அவங்களுக்குத் தெரியும்."

சும்மா இருந்தேன். சொந்தப் பாவனை என்று எழுதி அவன் கையெழுத்துப் போட்டபோது அவன் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நான் வாயை மூடிக்கொண்டதில் ஒரு சுகம் இருந்தது. இதை இவ்வளவு காலம் யாரிடமும் சொன்னதில்லை.

பிறகு எட்டு மாதம் அந்தக் கார் கலியாணம் கலியாணமாகப் போனது. உக்குவளை, இறத்தோட்டை, கலேவெல வரைக்கும் போனது. திரும்பி வந்ததும் ரிப்பனையும் வாடிய ரோஜாவையும் என் முற்றத்தில்தான் பிய்த்துப் போடுவான். கூட்டியது நான். என் நூல் சேலை ஒன்றைக் கேட்காமல் எடுத்துக் கிழித்துக் காரைத் துடைத்தான். ஒருநாள், "அண்ணி, வண்டிக்கிட்ட தண்ணி வாளியோட போகாதீங்க, பெயின்ட்ல பட்டா கீறிரும்" என்றான். என் வீட்டில், என் முற்றத்தில், என் வாளியோடு நான் சுற்றிப் போனேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்சாதியையும் மகளையும் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரவைத்து, காரில் ஏற்றி டவுனை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, திரும்பப் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவான். மகள் பஸ் ஜன்னலிலிருந்து காரைப் பார்த்துக்கொண்டே போகும்.

இந்த எட்டு மாதத்தில் எந்த நாளிலும் நான் அவனைக் கூப்பிட்டு, "தம்பி, கம்பெனிக்குப் போயி பாவனைய வாடகைன்னு மாத்து, கொஞ்சம் கூடக் கட்டினா போதும்" என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிடப் பேச்சு. மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. ஒவ்வொரு முறை ரிப்பனைக் கூட்டும்போதும் நினைப்பு வந்தது, ஒவ்வொரு முறையும் குப்பையோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன்.

பன்னிரண்டாவது ஓட்டம் கலியாணத்துக்குக்கூட இல்லை. கலியாணத்துக்கு முன்னால் எடுக்கும் படத்துக்கு. கலேவெலயில் கடை வைத்திருக்கிற ஒரு குடும்பத்துப் பையன், ரிவர்ஸ்டன் மலையில் மூடுபனிக்குள் பெண்ணோடு நின்று படம் எடுக்க ஆசைப்பட்டான். கொழுந்தன் இரண்டு பேரையும் மேலே கொண்டுபோய் இறக்கினான். படக்காரர் காருக்கு வெள்ளை ரிப்பன் கட்டச் சொல்லி, கொஞ்சத் தூரம் கீழே போய்த் திரும்பி வரச் சொன்னார். பனியைக் கிழித்துக்கொண்டு மஞ்சள் கார் வர வேண்டும், முன்னால் மாப்பிள்ளையும் பெண்ணும் நிற்க வேண்டும். முதல் தடவை பனி போதவில்லை என்றார். இரண்டாம் தடவை லைட் போடவில்லை என்றார். மூன்றாம் தடவை மேலேயிருந்து ஒரு வேன் இறங்கி வந்தது. அந்த ரோட்டில் இரண்டு வண்டி ஒதுங்கப் பழக்கம் வேண்டும். கொழுந்தன் ஒதுங்கினான், இடது சில்லு ரோட்டோரத் தண்ணீர்க் கானுக்குள் இறங்கியது, கார் சாய்ந்து கானைத் தாண்டித் தேயிலைக்குள் உருண்டது. மூன்று உருளல் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவனுக்குத் தோள் எலும்பு முறிந்தது. வேறு யாருக்கும் ஒன்றும் இல்லை.

செய்தி வந்து நானும் என் கணவரும் ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது இன்சூரன்ஸ் கம்பெனி ஆள் படம் எடுத்துக்கொண்டிருந்தார். சிக்னல் கிடைக்கும் இடம் வரை யாரோ நடந்து போய்த்தான் அவருக்குச் சொன்னார்களாம். கார் தலைகீழாகக் கிடந்தது. ரிப்பன் தேயிலைச் செடியில் சுற்றிக்கொண்டிருந்தது. கம்பெனி ஆள் ரிப்பனையும் ஒரு படம் எடுத்தார். அதை நான் பார்த்தேன்.

கொழுந்தன் ரோட்டோரத்தில் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நெற்றியில் இரத்தம். என்னைக் கண்டதும் எழும்பப் பார்த்தான்.

"அண்ணி, இன்சூரன்ஸ் இருக்குதானே? முழுசா குடுப்பாங்கதானே?"

"இருக்கு. ஒக்காரு" என்றேன்.

அவனைப் பார்த்து எனக்கு இரக்கம் வந்தது. வந்தது என்று கணக்குக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே வந்தது. ஆனால் அதற்கு முன்னால் ஒன்று வந்தது. சரிவில் கிடந்த அந்தக் காரைக் கண்ட முதல் கணத்தில், நாளைக்கு என் துணிக்கொடியைத் திரும்பக் கட்டலாம் என்று நினைத்தேன்.

ஒரு வாரம் கழித்து கம்பெனியிலிருந்து போன் வந்தது. வாக்குமூலம் எடுக்க ஓர் அதிகாரி வருவாராம். அதற்கு முதல் நாள் பின்னேரம் கொழுந்தன் வந்தான். கையைக் கழுத்தில் கட்டிய தூளியில் போட்டிருந்தான். முகம் ஒட்டிப்போயிருந்தது. என் கணவர் வாசல் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். நான் அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். அவன் எனக்குப் பக்கத்தில், கீழே, சிமெந்துத் தரையில் வந்து உட்கார்ந்தான். எங்கள் வீட்டில் அவன் தரையில் உட்கார்ந்து நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை.

"அண்ணி, நாளைக்கு அவங்க என்னா கேப்பாங்க? நான் என்னா சொல்லணும்?"

இந்த இடத்தில் என் தொழிலைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆட்டோக்காரர்கள் என்னிடம் ஏன் இன்சூரன்ஸ் எழுதுகிறார்கள்? என் கம்பெனி பெரியது என்றா? இல்லை. இடித்த பிறகு என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுப்பவள் நான். லைசன்ஸ் இல்லாத மாமா ஓட்டிக் கவிழ்த்தால், மாமா ஓட்டவில்லை, நின்ற வண்டி தானாக உருண்டது என்று சொல்ல வைப்பேன். கூலிக்கு மூட்டை ஏற்றிப் போனவனுக்கு, அது மச்சான் வீட்டு அரிசி என்று சொல்லிக் கொடுப்பேன். அதிகாரிகளுக்கும் இது தெரியும். அவர்களுக்கு ஃபைலில் எழுத ஒரு வசனம் வேண்டும், அதை நான் தயாராகக் கொடுத்துவிடுவேன். மாத்தளையில் பாதி ஆட்டோ என் வசனத்தில்தான் ஓடுகிறது.

கொழுந்தனுக்குத் தேவையான வசனம் மிகச் சின்னது. மாப்பிள்ளை என் கூட்டாளி, சும்மா படம் எடுக்கத்தான் கூட்டிப் போனேன், காசு ஒன்றும் வாங்கவில்லை. அவ்வளவுதான். கலேவெலக்காரர்களுக்கு ஒரு போன் போட்டால் அவர்களும் அதையே சொல்வார்கள், அவர்களுக்கு என்ன நட்டம்? அந்த வசனம் என் நாக்கு நுனியில் இருந்தது. அவன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். முறத்தை ஒரு தட்டுத் தட்டினேன்.

"நடந்தத அப்பிடியே சொல்லு தம்பி. உண்மைய சொன்னா ஒன்னய யாரும் ஒன்னும் பண்ண முடியாது."

"எல்லாத்தயுமா அண்ணி?"

"எல்லாத்தயும். ஒன்னயும் மறைக்காத. மறைச்சாத்தான் பிரச்சின."

அவன் தலையை ஆட்டினான். நிம்மதியாகிவிட்டது போலிருந்தது. வாசலில் என் கணவர் பேப்பரைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். இருபது வருடமாக நான் போனில் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுப்பதைக் கேட்டுக்கொண்டு வாழ்ந்தவர் அவர். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். பேப்பரை மறுபடி தூக்கிக்கொண்டார்.

மறுநாள் வந்த அதிகாரி டவுனைச் சேர்ந்த முஸ்லிம் மனிதர், வயதானவர், நல்ல சாது. நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, ஃபைலை மடியில் விரித்து வைத்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்.

"தம்பி, ஒன்டும் பயப்பட வாணாம். அந்த மாப்புள பொண்ணு ஒங்கட சொந்தக்காரங்களா? கூட்டாளிமாரா?"

அவர் கயிற்றை நீட்டினார். பிடித்துக்கொண்டு ஏறி வா என்று நீட்டினார். இப்படி நீட்டும் அதிகாரிகள் அபூர்வம். கொழுந்தன் என்னைப் பார்த்தான். நான் அவனை நேராகப் பார்த்துத் தலையை ஆட்டினேன்.

"இல்ல சேர். யாருன்னே தெரியாது. போன்ல பேசுனாங்க."

அதிகாரியின் பேனா நின்றது. "அப்ப சல்லி கில்லி ஏதாவது..."

"சீச்சீ, நான் கூலிக்கு ஓட்டுறவன் இல்ல சேர்" என்றான் கொழுந்தன். குரலில் உண்மையான ரோசம் இருந்தது. "அப்பிடி யார்கிட்டயும் பேசி வாங்குனதே கெடையாது. அவங்களா வெத்திலயில வச்சு மரியாத பண்ணுவாங்க."

"மரியாதயா?"

"ஆமா சேர். கவர்ல வச்சு. இந்தப் படம் எடுக்குறதுக்குக்கூட மொதல்லயே பண்ணிட்டாங்க. இது வரைக்கும் பதினோரு கலியாணம் போயிருக்கேன். ஒருத்தரும் கொறச்சதில்ல."

சொல்லிவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தான். பரீட்சையில் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதிவிட்ட பிள்ளை மாதிரி என்னைத் திரும்பிப் பார்த்தான். அதிகாரி பதினொன்று என்று எழுதினார். எழுதியதைச் சத்தமாக வாசித்துக் காட்டினார். இதுதானே நீங்கள் சொன்னது என்று இரண்டு தரம் கேட்டார். கொழுந்தன் இடது கையால் சிரமப்பட்டுக் கையெழுத்துப் போட்டான்.

போகும்போது அதிகாரி முற்றத்து வாசல் படலையடியில் நின்று என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "மிஸ், நீங்களும் இந்தத் தொழில்தானே. அந்தப் புள்ளக்கி ஒன்டும் சொல்லிக் குடுக்கல்லயா?"

"உண்மைய சொல்லச் சொன்னேன் சேர்."

என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லம்" என்றார். அந்த மனிதர் மட்டும் என்னை முழுசாகப் புரிந்துகொண்டார் என்று நினைக்கிறேன். அதற்குப் பிறகு என்னை டவுனில் கண்டால் ரோட்டைத் தாண்டி மற்றப் பக்கம் போய்விடுவார்.

கடிதம் இங்கிலீஷில் வந்தது. நான்தான் வாசித்துச் சொன்னேன். சொந்தப் பாவனை என்று காப்புறுதி செய்த வாகனத்தை வாடகைக்குப் பயன்படுத்தியதாக உரிமையாளரே ஒப்புக்கொண்டிருப்பதால் நட்டஈடு மறுக்கப்படுகிறது. கடிதம் மொத்தமே இரண்டு பந்திதான். "ஒப்புக்கொண்டிருப்பதால்" என்ற இடத்தில் அவன் நிறுத்தச் சொன்னான், திரும்ப வாசிக்கச் சொன்னான். நான் திரும்ப வாசித்தேன். அவன் பெண்சாதி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. "அப்ப மறுபடி போகணுமா?" என்று மட்டும் கேட்டாள். கத்தாருக்கு என்று அவள் சொல்லவில்லை, எல்லாருக்கும் விளங்கியது.

கார் உடைந்த இரும்பு விலைக்குப் போனது. முற்றம் காலியானது. நான் கொடியைத் திரும்பக் கட்டவில்லை. கட்ட வேண்டும் என்று கம்பி வாங்கி வைத்திருக்கிறேன், இன்னும் அல்மாரிக்கு மேலேதான் கிடக்கிறது. கார் போன அன்றைக்குச் சாப்பிடும்போது என் கணவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "அவனுக்கு ஒரு வார்த்த சொல்லிக் குடுத்திருக்கலாம் நீ" என்றார். "பொய் சொல்லச் சொல்றீங்களா?" என்று கேட்டேன். அவர் சோறு வேண்டாம் என்று கையைக் கழுவினார். அந்தக் கேள்வியைக் கேட்டபோது என் குரல் எவ்வளவு சுத்தமாக இருந்தது என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது.

கொழுந்தன் ஊர் முழுக்க என்னைப் புகழ்ந்துகொண்டு திரிந்தான். கம்பெனிக்காரர்கள் கள்ளர்கள், சாறு கொடுத்துக் கழுத்தறுத்துவிட்டார்கள், அண்ணி ஒருத்திதான் நேர்மையாகப் பேசினார், அவர் பேச்சை ஆரம்பத்திலேயே கேட்டிருக்க வேண்டும் என்றான். கோயிலில் ஒரு பெண் என்னிடமே வந்து, "ஒங்க கொழுந்தன் ஒங்களப் பத்திப் பேசுனா கண்ணு கலங்குறாருங்க" என்றாள். திருநீற்றை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்துவிட்டேன்.

கத்தாருக்கு விசா வந்து, புறப்படுவதற்கு மூன்று நாள் இருக்கும்போது என்னைத் தேடி வந்தான். தோள் எலும்பு கொஞ்சம் கோணலாகச் சேர்ந்திருந்தது, சட்டை ஒரு பக்கம் தாழ்ந்து நின்றது. அந்தத் தோளோடுதான் திரும்பக் கம்பி தூக்கப் போகிறான்.

"அண்ணி, எனக்கு ஒரு ஆயுள் இன்சூரன்ஸ் எழுதுங்க. ஒங்க கம்பெனியிலயே. அங்க வேல செய்றப்ப ஏதாவது ஆச்சுன்னா மகளுக்கு ஏதாவது வரணும்ல."

படிவத்தை எடுத்தேன். பெயர், வயது, தொழில். நோய் ஏதாவது, காயம் ஏதாவது. எல்லாவற்றுக்கும் உண்மையே சொன்னான், இப்போது அது அவனுக்குப் பழகிவிட்டது. பணம் யாருக்குப் போய்ச் சேர வேண்டும் என்ற கட்டம் வந்தது. அவன் பெண்சாதியின் பெயரை எழுதப் பேனாவை வைத்தேன்.

"அவ பேரு வேணாம் அண்ணி. அவளுக்கு ஒன்னும் தெரியாது, யாராவது ஏமாத்திருவாங்க. ஒங்க பேர போடுங்க. நீங்க வாங்கிக் குடுத்தா சரியா இருக்கும்."

"என் பேரயா?"

"நீங்கதான் அண்ணி. வேற யார நம்புறது?"

அப்போது சொல்லியிருக்கலாம். அரிசி புடைத்த அந்தப் பின்னேரத்தில் என் நாக்கு நுனியில் இருந்த வசனம் என்ன என்று சொல்லியிருக்கலாம். அவன் கத்துவான், அல்லது அழுவான், அல்லது என் முகத்தில் துப்புவான், எதுவானாலும் அவன் பெண்சாதியின் பெயர் அந்தக் கட்டத்தில் வந்திருக்கும். என் பெயரை எழுதினேன். படிவத்தை அவன் பக்கம் திருப்பி, "வாசிச்சுப் பாத்துட்டுப் போடு" என்றேன்.

அவன் வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான்.